அடுப்புகள் உறங்கும் தீவு

அந்தத் தீவில் கால் வைப்பதற்கு முன்பே அதைப் பற்றிய கட்டுரையை நான் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பு ‘அடுப்புகள் உறங்கும் தீவு’. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல தலைப்பு. தீவுதான் அதற்கு ஒத்துவரவில்லை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளியிறுதிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பதாக நான் சொல்லிக்கொண்டேன். ஈ ஓட்டிக்கொண்டிருப்பதாக அப்பா சொன்னார். ரப்பர் விலை படுத்துவிட்டிருந்த காலம். தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படித்தவன், படிக்காதவன் எல்லாரும் வேலைக்கு நாயாக அலைந்தார்கள். ரயில்வே புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, தன் துரையின் பின்னால் மாதக்கணக்கில் நடந்து, ஸ்டேஷன் மாஸ்டர் பயிற்சிக்கு என் பெயரைச் சேர்க்க வைத்திருந்தார். துரை என்னை நேரில் ஒருமுறை பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி. அதற்காகக் கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது.

எனக்கோ ரயில் என்றாலே வேப்பங்காய். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எஞ்சின் ஊதுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஆட்டிக்கொண்டே கிழவனாகிப் போவேனோ என்று பயம். நான் பத்திரிகைக்காரன் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவன். எங்கள் தெருக்கோடியில் அச்சாகிக்கொண்டிருந்த தமிழ் வாரப் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் என் எழுத்து வந்திருக்கிறது. அந்தப் பத்திரிகையில் ஆசிரியர், அச்சுக்கோப்பவர், சந்தா வசூலிப்பவர் எல்லாம் ஒரே மனிதர்தான். எப்போதும் அணைந்துபோன சுருட்டு ஒன்று வாயில் இருக்கும். அவரிடம் வேலை கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தேன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் சொன்னார்.

“போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு எதிர்ல ஒரு மலாய்த் தீவு இருக்கு பாரு. நம்ம சனங்க கப்பல்ல வந்து எறங்கறப்ப தூரத்துல பார்த்ததோட சரி. நோன்பு மாசத்துல அங்க எப்படி இருக்காங்கன்னு போய்ப் பார்த்து எழுதிக்கிட்டு வா. நல்லா இருந்தா உதவி ஆசிரியரா வெச்சுக்கறேன்.”

அப்பாவிடம் சொன்னேன். கட்டுரை அச்சில் வந்து, அந்த மனிதர் தன் வாயால் வேலை என்று சொன்னால் பார்க்கலாம், இல்லையென்றால் மறுபேச்சு பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு தன் பின்னால் வர வேண்டும் என்றார். கட்டுரை நன்றாக வந்தால் பேனா, வராவிட்டால் கொடி. அதனால்தான் நான் விழுந்து விழுந்து தயார் செய்தேன்.

என் வகுப்பில் ஒரு நண்பன் இருந்தான். நாகப்பட்டினம் பக்கத்து ராவுத்தர் குடும்பம். அவன் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவான், எங்கள் வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருந்தார். அவர்கள் கடையிலிருந்து துணி மூட்டை கொண்டுபோய்த் தீவில் விற்கும் ஆள் ஒருவர் இருந்தார். அவர் மூலமாக அந்த ஊர்த் தலைவருக்கு, பெங்ஹுலு என்பார்கள், நான் வரப்போவதாகச் சொல்லியனுப்பினோம். நண்பனும் என்னோடு வருவதாக ஏற்பாடு.

வெறுமனே போய்ப் பார்த்தால் போதாது, நானும் நோன்பு பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். பசியை அறியாதவன் நோன்பைப் பற்றி எழுதலாமா? எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியதில் எனக்கே பெருமை தாங்கவில்லை. வீட்டிலேயே ஒத்திகை ஆரம்பித்தேன். விரதம் இருக்கப்போகிறேன் என்றதும் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரீட்சையில் தேற வேண்டும் என்று முருகனுக்கு இருக்கிறேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். காலையில் சுண்டக் காய்ச்சிய பால். பத்து மணிக்கு மலைவாழைப்பழம், தேன். மத்தியானம் விரதச் சாப்பாடு, பாயசத்தோடு. சாயங்காலம் கேசரி. எனக்கு நோன்பு பிடித்துப்போயிற்று. மாதம் பூராவும் இருக்கலாம் போலிருந்தது.

நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“மாப்ள, எங்க வீட்டுப் பெருநாளைக்கே இவ்வளவு அயிட்டம் கிடையாதுடா.”

பிறகுதான் சொன்னான். விடியுமுன் சாப்பிட்டால், சூரியன் இறங்கும்வரை ஒன்றும் கிடையாது. பாலா? கிடையாது. பழம்? கிடையாது. தண்ணீர்? தண்ணீரும் கிடையாது, தொண்டையில் எதுவும் இறங்கக்கூடாது. எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் பின்வாங்குகிறவனா நான்? தொண்டையில் எதுவும் இறங்கக்கூடாது என்றால் எச்சிலும்தானே என்று நானே ஒரு சட்டம் கண்டுபிடித்து, மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் துப்பிக்கொண்டே திரிந்தேன். தபாலாபீஸ் வாசலில் துப்பியதற்குச் சீக்கியக் காவல்காரர் தடியை ஓங்கிக்கொண்டு துரத்தினார். வீட்டில் அம்மா, பிள்ளைக்கு ஏதோ நோய் என்று பயந்து, மிளகு கஷாயத்தோடு வந்து நின்றாள். குடிக்க மாட்டேன், நோன்பு என்றேன். எந்த நோன்பு, யாருடைய நோன்பு என்று அவள் கேட்கக் கேட்க, விஷயம் வெளியே வந்துவிட்டது.

அவ்வளவுதான். பிள்ளை மதம் மாறப்போகிறான் என்று ஒரே அழுகை. அப்பா ஆபீசிலிருந்து வரட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. நியாயம் கேட்கிறேன் என்று தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு நேரே துணிக்கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். நண்பனின் அத்தா அம்மாவைக் கண்டதும் எழுந்து, வாங்க தங்கச்சி என்று பாயை விரித்து, பெருநாளுக்கு வந்த புதுச் சரக்கைக் கட்டுக் கட்டாக அவிழ்த்துப் போட்டார். அம்மா திரும்பி வந்தபோது கையில் ஒரு மாம்பழக் கலர்ச் சேலையும் ரவிக்கைத் துணியும் இருந்தன. நியாயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நல்ல மனுசன், நீ போய்ட்டு வா, மாட்டுக்கறி மட்டும் தொடாதே என்றாள்.

எச்சிலை விழுங்கலாம் என்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகு ஒத்திகை ஒழுங்காக நடந்தது. காலண்டரைப் பார்த்தேன். நோன்பின் கடைசி நாளில் போவதென்று தீர்மானித்தேன். மாதம் முழுக்கப் பட்டினி கிடந்த முகங்களை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்க்க முடியும். கட்டுரையையும் எழுதிவிட்டேன். புகை எழாத கூரைகள், வறண்ட உதடுகள், விளையாட்டை மறந்து தென்னை நிழலில் சுருண்டு கிடக்கும் குழந்தைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆட்களின் வாய்ப்பேச்சை மட்டும் இடையிடையே செருகினால் போதும் என்று இடம் விட்டு வைத்திருந்தேன்.

புறப்படும் நேரத்தில் நண்பன் கையை விரித்துவிட்டான். பெருநாள் வியாபாரம், கடையில் நிற்க இடமில்லை, அத்தா விடவில்லை. கடை வாசலில் வைத்தே கடைசி அறிவுரையைச் சொன்னான்.

“விருந்தாளின்னு சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவாங்க. நோன்புன்னு சொல்லிட்டு அசையாம இரு. அப்பத்தான் மதிப்பாங்க.”

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் வீட்டில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

முதல்நாளே கிள்ளானுக்குப் போய் மாமா வீட்டில் தங்கினேன். மாமா பொதுப்பணி இலாகாவில் கங்காணி. உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் அவருடைய இலாகாதான் நடத்துகிறது என்பது அவர் எண்ணம். இருட்டி வரும் நேரத்தில் அரண்மனைப் பக்கமாகத் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. என்ன மாமா அது என்று கேட்டேன். பாறைக்கு வெடி வைக்கிறார்கள், நம் ஆட்கள்தான் என்றார். இருட்டில் யாராவது வெடி வைப்பார்களா என்றதற்கு, அவசர வேலையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே மாமி எழுந்து இட்லி அவித்துக் கொடுத்தாள். நாள் முழுக்கத் தாங்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளினேன். வழியில் சூரியன் இறங்கிய பிறகு சாப்பிடப் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தாள். முதல் ரயிலில் துறைமுகம் வந்தேன். மலாய்ப் படகுக்காரர் ஒருவரையும் காணோம். பாவம், பசியில் எழுந்திருக்க முடியவில்லை போலும் என்று நினைத்து, அதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டுமென்று மனத்தில் குறித்துக்கொண்டேன். கரி ஏற்ற வந்த சீனப் படகுக்காரர் ஒருவர் என்னைத் தீவில் கொண்டுபோய் விட்டார். தண்ணீர் வற்றியிருந்ததால் கரைவரை படகு போகவில்லை. வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தோடு முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது புகை. எல்லாக் கூரைகளிலிருந்தும் எழுந்துகொண்டிருந்தது. கொசுவுக்குத் தேங்காய் மட்டை கொளுத்துகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்து, குழந்தைகள். ஒன்றும் சுருண்டு கிடக்கவில்லை. கையில் பலகாரத்தோடு என்னைச் சுற்றி ஓடின. குழந்தைகளுக்கு நோன்பு கடமையில்லை என்று நண்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் பளபளவென்று பட்டுத் துணி உடுத்தி, கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். பசியிலும் இவ்வளவு உற்சாகமா, என்ன பக்தி, என்ன பக்தி என்று எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனையையும் பார்த்த பிறகும் என் மரமண்டைக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏறுவதற்கு அங்கே இடமேது? கட்டுரை அடைத்துக்கொண்டிருந்தது.

பெங்ஹுலு என்னைப் படியிலேயே வந்து வரவேற்றார். காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவத் தண்ணீர் ஊற்றினார். மேலே ஏறி உட்கார்ந்ததும் அவர் மனைவி பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தென்னங்குருத்தில் பின்னி வேகவைத்த சோற்றுக் கட்டிகள், கெத்துபாட் என்பார்கள். பக்கத்தில் கறி. வாசனை மூக்கைத் துளைத்தது. நண்பன் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சாயா புவாசா” என்றேன். நான் நோன்பு.

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெங்ஹுலு சிரித்துக்கொண்டே, இன்றைக்கு ராயா, பெருநாள், சாப்பிட வேண்டும் என்றார். நான் இல்லை என்று தலையாட்டி, ராயா நாளைக்கு என்றேன். ஆமாம். அவர்கள் ஊரில், அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் பெருநாள் என்றைக்கு என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுத்தேன். காலண்டரில் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தையில் பேசும் கொச்சை மலாயில், விளக்கமும் கொடுத்தேன். அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடி மறுத்தேன். என்னைச் சோதிக்கிறார்கள், அசையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கேயும் தட்டு வந்தது. சாயா புவாசா. அதற்கடுத்த வீட்டிலும் தட்டு, அங்கேயும் சாயா புவாசா. கம்பம் என்று அவர்கள் சொல்லும் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பட்டணத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பையன் ராயா அன்று நோன்பு பிடித்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. சில பெண்கள் உண்மையிலேயே கவலைப்பட்டார்கள். அன்றைக்கு நோன்பிருப்பது அவர்கள் மார்க்கத்தில் கூடவே கூடாதாம். எனக்கு அது எப்படித் தெரியும்? வெயில் ஏற ஏற, வயிறு கபகபவென்று எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு பெரிய சோதனையில் ஜெயிக்கிறேன் என்ற சந்தோஷத்தில் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் பெங்ஹுலு வீட்டுக்கே திரும்பியதும் பள்ளிவாசல் இமாமையே கூட்டிவந்துவிட்டார்கள். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். என்னோடு வாதாடவில்லை. எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கெத்துபாட்டை எடுத்து, ஓலையைப் பிரித்து, கறியில் தோய்த்து வாயில் போட்டார். உச்சி வெயிலில், ஊரே பார்க்க, இமாம் மென்று விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மிடறு தண்ணீரும் குடித்தார்.

“ஹரி ராயா, தம்பி” என்றார். எங்கள் பையன்களை மலாய்க்காரர்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

வானத்தை விரலால் காட்டி, நேற்று அந்தியில் பிறை தெரிந்தது என்று பொறுமையாகச் சொன்னார். பிறை தெரிந்தால் மாதம் முடிந்தது. காலண்டர் என்ன சொன்னாலும் சரி. அதை அறிவிக்கக் கிள்ளானில் பீரங்கி போட்டது இங்கேவரை கேட்டதே, உனக்குக் கேட்கவில்லையா என்றார். பாறை வெடி! என் மாமாவின் அவசர வேலை!

எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியால் இல்லை. எழுதி வைத்த கட்டுரை மொத்தமும் போயிற்று. புகை எழாத கூரை போயிற்று, வறண்ட உதடு போயிற்று. அந்த ஊரில் வறண்டிருந்த உதடு என்னுடையது மட்டும்தான். கண்ணுக்கு முன்னால் கோட்டும் பச்சைக் கொடியும் வந்து நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு இமாம் சாப்பிட்ட தட்டின் பக்கம் கையை நீட்டினேன். அப்போது பெங்ஹுலுவின் மனைவி சட்டென்று என் கையைத் தடுத்து, அந்தத் தட்டை இழுத்துக்கொண்டு, பின்னாலிருந்து வேறொரு தட்டை எடுத்து வைத்தார். இது கோழி, அது மாடு என்றார். அப்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து எனக்கு என்று வந்த தட்டுகள் எல்லாம் தனியாகத்தான் வந்திருந்தன. எங்கள் ஆட்கள் மாடு தின்ன மாட்டார்கள் என்று யாரிடமும் ஒத்திகை பார்க்காமலே அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தோடு வெட்கமாக நிறையச் சாப்பிட்டேன்.

மறுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று பெங்ஹுலு தீர்ப்புச் சொல்லிவிட்டார். போனேன். என் புளிச்சோற்றைப் பிள்ளைகள் பங்கு போட்டு, ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தன. கடலில் தண்ணீர் ஏறியதும், தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த கோழி ரெண்டாங்கும் கெத்துபாட்டும் ஒரு தகர டப்பாவில் அடைத்துக் கொடுத்துப் படகேற்றினார்கள்.

மறுநாள் காலை டப்பாவும் கையுமாக அச்சாபீசில் நின்றேன். சட்டைப் பையில் பழைய கட்டுரை இருந்தது. அதை நீட்டலாமா, நடந்ததைச் சொல்லலாமா என்று கை பைக்கும் வெளிக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆசிரியரின் மூக்கு முந்திக்கொண்டது. டப்பாவைத் திறந்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, ஒரு கட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, சொல்லு என்றார். இந்த வாசனையை வைத்துக்கொண்டு ‘அடுப்புகள் உறங்கும் தீவு’ என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் ஒப்பித்தேன். டப்பா காலியானதும் விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னார்.

“பேப்பர் வர்றதுக்குள்ள நோன்பே முடிஞ்சு போச்சு, அதை இனிமே யாரு படிக்கிறது? இப்ப சொன்னியே, இதை அப்படியே எழுது. நீ அழுதது உட்பட.”

எழுதினேன். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. நண்பனின் அத்தா கடையில் உரக்கப் படித்துக் காட்டினாராம். கேட்டவர்கள் துணி வாங்க மறந்துவிட்டார்களாம். ஆசிரியர் வேலை உண்டு என்று சொல்லிவிட்டார், சம்பளத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அப்பா? துரையைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் தெரியாத வேலையை நம்பி, அந்தக் காலத்தில் தவம் கிடந்து வாங்கிய ரயில்வே வேலையை அவர் எப்படி விடுவார்? நான் நம்பிக்கை இழந்துதான் இருந்தேன்.

அப்பா சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை விரித்தார். சிரிப்பார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிக்கவில்லை. படிக்கப் படிக்க முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. முடித்ததும் மடித்து வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டார்.

“ஊரே பெருநாள்னு சொல்லுது, பீரங்கி போட்டுச் சொல்லுது, இவன் இல்லைன்னு உக்காந்திருக்கான். இவன் கையில கொடியைக் குடுத்தா என்ன ஆகும்? பேப்பர்ல தப்பு வந்தா அடுத்த வாரம் திருத்தம் போட்டுக்கலாம். ரெண்டு வண்டி மோதினப்புறம் எங்க போய்த் திருத்தம் போடுறது?”

மறுநாள் காலை அவரே துரையிடம் போய் என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். இப்படியாக அப்பா ரயில்வேயைக் காப்பாற்றினார். நான் பத்திரிகைக்காரன் ஆனேன். கோட்டை வீணாக்க வேண்டாம் என்று அவரே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கை கொஞ்சம் நீளம்.